உங்கள் அளவுக்கு விட்ட இடுக்கு

மச்சாள்,

கையிலிருந்து கழிவு ஒயில் நாற்றம் போகமாட்டேன் என்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன், கடைசியில் அடுப்புச் சாம்பலும் போட்டுப் பார்த்தேன். இன்று காலை புட்டு குழைக்கும்போதும் அதுதான் மணத்தது. உங்கள் தம்பி பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அக்காட மணம் வருது" என்றார். சொல்லிவிட்டு மிச்சப் புட்டையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். நான் இருந்த இடத்திலேயே இருந்து என் பங்கைச் சாப்பிட்டு முடித்தேன்.

மற்றப் பெண்களுக்குப் பவுடர் மணம், உங்களுக்கு இந்த மணம். மாரி தொடங்குவதற்கு முன்னமே கிண்ணியாவுக்குப் போய், மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் வடித்து வைத்த கறுத்த ஒயிலைப் பழைய பிளாஸ்டிக் கானில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவீர்கள். பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். "நல்லதாப் போச்சு, சீற்று முழுக்க எனக்குத்தான்" என்பீர்கள். இறங்கிச் செருப்பை இழுத்து இழுத்து நீங்கள் வருகிற சத்தம் ஒழுங்கை முனையிலேயே கேட்கும். காலைத் தூக்கி நடக்கச் சொல்லி நானும் எத்தனையோ தரம் சொன்னேன், கேட்டால்தானே. பிறகு இரண்டு பேரும் பழந்துணியை அதில் தோய்த்து மாட்டுப் பட்டிக் கட்டைகளுக்குக் கறையான் அரிக்காமல் பூசுவோம்.

இந்த முறை ஒரு கட்டைக்குத்தான் பூசினேன். முந்தாநாள் அதை அலவாங்கு போட்டுக் கிளப்பி வேறு இடத்தில் நட்டேன். நீங்கள் உங்கள் கையால் நட்ட கட்டை. கோபம் வந்தால் வரட்டும், முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் அழவில்லை. உங்கள் செத்த வீட்டில் அழவில்லை, எட்டுச் செலவுக்கு அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றும் அழவில்லை. ஊரில் அது ஒரு கதையாகிவிட்டது. மச்சாளின் காணியும் மாடும் கைக்கு வந்திட்டுது, அவள் ஏன் அழப்போகிறாள் என்று கிணற்றடியில் கதைத்தார்களாம். கதைக்கட்டும். பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் விறைத்துக் கிடக்குமே, தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. பால் கறக்கிறேன், சாணி அள்ளுகிறேன், உலை வைக்கிறேன், எல்லாம் நடக்கிறது.

பட்டி வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் உங்களிடமே சொல்கிறேன், சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சண்டையால் ஓடி, முகாம் வாழ்க்கை முடிந்து சம்பூருக்குத் திரும்பி வந்த அன்று, எங்கள் வளவைப் பார்க்கமுன் பக்கத்து வளவைத்தான் பார்த்தோம். பற்றைக்குள் ஒரு கட்டை நின்றது. கட்டையில் நைலோன் கயிறு, கயிற்றின் அந்த முனையில் எலும்பு. அந்த வீட்டாருக்கு ஓடும்போது அவிழ்த்துவிட நேரம் கிடைக்கவில்லை. நாங்கள் ஓடும்போது நீங்கள் மட்டும் பாதி வழியில் திரும்பிப் போய் உங்கள் மாடுகளைத் திறந்துவிட்டு வந்தீர்கள், எல்லோரிடமும் ஏச்சு வாங்கினீர்கள். அந்த மாடுகள் எங்கே போயினவோ, ஒன்றையும் பிறகு காணவில்லை. எலும்பைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "எண்ட மாடு எங்கயோ நடந்து போய்த்தான் செத்திருக்கும்" என்றீர்கள். அதில் உங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

மறுபடியும் சிறுகச் சிறுக மாடு சேர்த்தோம். கல்யாணம் கட்டாத உங்களுக்கு அவைதான் குடும்பம், என்னைக் கட்டிய உங்கள் தம்பி சீனன்குடாவில் சாரதி வேலைக்குப் போய் ஞாயிறுகளில் மட்டும் வீட்டுக்கு வந்ததால் எனக்கும் பொழுதெல்லாம் அவற்றோடுதான். கால் வாய் நோய்க்கு ஊசி போட முதல் தரம் ஆட்கள் வந்தபோது பாலை மரத்தோடு கயிறு போட்டு ஒவ்வொன்றாக இழுத்தோம். சினைப்பட்டிருந்த செவலை கால் தடக்கி விழுந்தது, இரண்டு நாளில் கன்று போய்விட்டது. நீங்கள் கயிற்றைச் சுருட்டிக் கூரையில் செருகினீர்கள். "இனி எண்ட மாட்டுக்குக் கயிறு போடுறேல்ல" என்றீர்கள். கயிறு இல்லாமல் என்னெண்டு ஊசி போடுவது என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாது" என்றீர்கள்.

அரசாங்கப் பண்ணை ஒன்றில் இரும்புக் குழாயால் பட்டி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் அகன்ற அடைப்பு, அதிலிருந்து மாடு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற ஒடுங்கிய வழி, முடிவில் ஒரு மாடு அடங்கி நிற்கிற இடம். நீங்கள் அந்த ஒடுங்கிய வழிக்கு அங்கேயே பெயர் வைத்துவிட்டீர்கள்: ஒழுங்கை. பார்க்க நல்லாகத்தான் இருந்தது. அந்த இரும்புக்கு எங்கள் மாடு எல்லாவற்றையும் விற்றாலும் காணாது, பிறகு பட்டிக்குள் எதை விடுவது என்று சிரித்துக்கொண்டு வந்தோம்.

அதன் பிறகு முற்றத்து மணலில் ஈர்க்கால் கீறத் தொடங்கினீர்கள். பின்னேரம் கீறுவீர்கள், விடியக் கோழி கிளறியிருக்கும், திரும்பக் கீறுவீர்கள். இரும்புக்குப் பதில் வெட்டிப் பிளந்த பனங்குற்றி. அகலத்துக்கு எங்கள் கூட்டத்தில் பெரிய பசுவான மறைச்சியின் வயிற்றுக்குக் குறுக்காக உங்கள் பழைய சேலையைப் பிடித்து அளந்தோம். வயிறு உரசக் கூடாது, ஆனால் உள்ளே நின்று திரும்பவும் ஏலாமல் இருக்கவேண்டும். சின்ன மாடுகள் திரும்பிவிடுமே என்று நான் சொல்ல, கீழ்க் குற்றிகளை உள்ளுக்குச் சரித்து நட்டோம். பக்கம் மறைக்க முகாம் கொட்டிலின் தகரங்களைக் கொண்டுவந்து அடித்தோம். கச்சான் காற்றுக்கு அது படபடத்த சத்தத்தில் ஒரு மாடும் கிட்ட வரவில்லை. பிறகு தென்னோலையில் கிடுகு பின்னிக் கட்டினோம். கிடுகு சத்தம் போடாது, வெளியே ஆள் நடமாடுவதும் மாட்டுக்குத் தெரியாது. ஊரில் ஓலை இருந்தது, பின்னக் கை இருந்தது.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் விட்ட பிழையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரவேண்டும். கிண்ணியாவிலிருந்து மாட்டு டொக்டர் வந்தார். புதிதாக வந்த பெண் பிள்ளை, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அக்காமார் இரண்டு பேரும் நல்ல வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று புகழ்ந்தார். மாடுகளை விட்டோம். ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கைக்குள் அழகாக வந்தன, அந்தப் பக்கத்தால் அழகாக வெளியே போய் வயலுக்குள் இறங்கின. டொக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். முன்பக்கத்தை நாங்கள் அடைக்கவேயில்லை. மறந்து போகவில்லை, மச்சாள். அந்தக் கயிற்றையும் எலும்பையும் கண்ட பிறகு உங்களுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் மனம் வரவில்லை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. "ஊசி போட ஒரு மாடாவது நிக்கோணுமே, அக்கா" என்றார் அந்தப் பிள்ளை.

முன்னுக்கு அடைக்கச் சொல்லி அவர் கெஞ்ச, நீங்கள் ஏலாது என்று நிற்க, கடைசியில் பலகை இல்லாமல் தடி மட்டும் போடுவதாக ஒத்துக்கொண்டீர்கள். மூன்று குறுக்குத் தடி. இடையால் வயலும், வயலுக்கு அப்பால் குடாத் தண்ணீரும் தெரியும். ஊசி போட்டதும் தடியை உருவி மாட்டை முன்னுக்குத்தான் விடவேண்டும், வந்த வழியால் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்றும் சொன்னீர்கள். வெளி தெரிந்ததாலோ என்னவோ மாடுகள் அந்தத் தடிக்கு முன்னால் பேசாமல் நின்றன. டொக்டர் மற்ற ஊர்களுக்கும் போய் அப்படியே செய்யச் சொன்னாராம்.

பின்னால் கலைத்தால் மாடு மிரளும் என்று நீங்கள் முன்னால்தான் நடப்பீர்கள். கையில் தவிட்டு வாளி. மறைச்சி உங்கள் பின்னால், மற்றவை மறைச்சியின் பின்னால். கடைசி மாடு உள்ளே வந்ததும் பின்தடியைப் போடுவது என் வேலை. குறுக்குத் தடி வரைக்கும் வந்தபின் நீங்கள் வெளியே போகவேண்டுமே, அதற்குத்தான் பக்கத்தில் அந்த இடுக்கு. இரண்டு கட்டைக்கு நடுவில் பக்கவாட்டாக நின்று உங்கள் உடம்பையே அளவாக வைத்தீர்கள். ஆள் போகவேண்டும், கன்று பூரக் கூடாது. எனக்கு அதற்குள் ஒரு தோள்தான் போனது. நீங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "கட்டையை ஏனடி அசைப்பான், நீ கொஞ்சம் வத்து" என்றீர்கள். கட்டிலில் படுத்திருந்து தின்கிறவளா நான் என்று நானும் சண்டைக்கு வந்தேன்.

ஒரு முறை முன்னால் நடந்துகொண்டிருந்தபோது நான் பின்னாலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. வெளியே வந்தபிறகு சொன்னீர்கள்: "முன்னுக்கு நடக்கேக்க திரும்பிப் பாக்கக் கூடாதடி. பாத்தா நிண்டிடும்." மாட்டுக்கு முகத்தைக் காட்டினால் அது நின்றுவிடுகிறது, முதுகைக் காட்டினால் வருகிறது. ஏன் என்று உங்களுக்கும் தெரியாது.

பிறகு உங்களுக்கு வயிற்றில் அந்த வருத்தம் வந்தது. கிளினிக்குக்குத் திருகோணமலைக்குப் போவோம், பாலங்களைக் கடந்து பஸ் போகும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள். திரும்பி வந்து தண்ணீர் குடிக்கமுன் மாட்டடிக்குப் போவீர்கள். நீங்கள் நடந்த கடைசி ஊசி நாள் எனக்கு நன்றாக ஞாபகம். முந்தியெல்லாம் இடுக்கால் நீங்கள் வெளியே வரும்போது இரண்டு பக்கமும் கட்டை உரசும், பக்கத்துக் கிடுகு சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் பின்தடியைப் போடுவேன். அன்று நான் தடியைப் பிடித்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். கிடுகு அசையவேயில்லை.

நீங்கள் கட்டையை ஒருதரம் பார்த்தீர்கள், என்னை ஒருதரம் பார்த்தீர்கள். "தடியைப் போடு, பிராக்குப் பாக்காத" என்றீர்கள். அன்றைக்கே இந்த விறைப்பு எனக்குள் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் தம்பி மாடுகளை விற்கவேண்டும் என்றார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அவரால் வேலையை விட்டு வர ஏலாது, நான் தனியே மாட்டிடம் குத்து வாங்கிச் சாவேன் என்று அவருக்குப் பயம். மூதூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரியிடம் கதைத்தும் விட்டார். அந்த ஆள் வாங்குவது வளர்க்க அல்ல, இறைச்சிக்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சத்தம் போட்டதில் ஒரு முடிவுக்கு வந்தோம். "இந்த ஊசி நாள் ஒழுங்கா நடந்தா வச்சிருப்பம். நடக்காட்டிக் குடுத்திருவம், பிறகு நீ கதைக்கக் கூடாது" என்றார். ஓம் என்றேன்.

ஓம் என்றது லேசு. அடுத்த நாளே பழக்கிப் பார்த்தேன். பின்னால் நின்று தடியால் தட்டினேன், மாடுகள் பட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடின. தவிட்டு வாளியைக் குறுக்குத் தடிக்கு அப்பால் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். மறைச்சி ஒழுங்கை வாயில் நின்று என்னைப் பார்த்தது, உங்களைத் தேடியது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. முன்னால் நடக்க ஆள் வேண்டும். நான் நடக்கலாம், ஆனால் தடி வரைக்கும் போனபின் வெளியே வர எனக்கு வழியில்லை. உங்கள் இடுக்குக்குள் என்னுடைய ஒரு தோள்தானே போகும். குற்றியில் ஏறிக் குதிக்க இந்த முழங்காலோடு ஏலாது. தடிக்கும் மறைச்சியின் கொம்புக்கும் நடுவில் நிற்கவேண்டியதுதான்.

இடுக்கை அகட்டினால் கன்று பூந்துவிடும். அதையே யோசித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வாசலில் மாடு உள்ளே வராமல் கம்பியை வளைத்து வைத்திருக்கிறார்களே, அதற்குள் நான் வழக்கம்போல வயிற்றை எக்கி, வளைந்து, நுழைந்தேன். நுழைந்தபிறகுதான் நின்றேன். சாமியைக் கும்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன், மச்சாள். மனிசர் வளைவார்கள், மாடு வளையாது. ஒரு கட்டையை எனக்கு அளவாகத் தள்ளி நட்டு, அந்த இடைவெளிக்கு வெளியே நேர் எதிராக இன்னொரு கட்டை நட்டால் போதும். ஆள் அரைவட்டம் திரும்பிப் போகலாம், கன்றின் முதுகு நீளம் விடாது. நீங்கள் இருந்திருந்தால் இதற்கு ஒரு நக்கல் கதை சொல்லியிருப்பீர்கள்.

முந்தாநாள் உங்கள் கட்டையில் அலவாங்கை வைத்தபோது கை கொஞ்சம் நின்றது. அந்த இடுக்குத்தான் உங்கள் உடம்பின் அளவு. படத்தில் முகம் இருக்கிறது, அலுமாரிக்குள் சேலை இருக்கிறது, ஆனால் நல்லாக இருந்த காலத்து உங்கள் அகலம் இந்த ஊரில் அங்கே மட்டும்தான் இருந்தது. அதைத்தான் கிளப்பினேன். கிளப்பும்போதும் ஒன்றும் வரவில்லை. வேர்வைதான் வந்தது. இரண்டு கட்டையையும் நட்டு, உங்கள் கட்டைக்கு மண் ஏறுகிற இடமெல்லாம் ஒயில் பூசினேன்.

நேற்றுக் காலை டொக்டர் வந்தார். உங்கள் தம்பி லீவு போட்டுப் பின்தடியில் நின்றார். நான் வாளியோடு ஒழுங்கைக்குள் போனேன். மறைச்சி வாசலில் காலை வைத்தது, மூக்கைத் தூக்கியது, சீறிக்கொண்டு பின்வாங்கியது. புது ஒயில் நாற்றம். மாரிக்கு முன்னம் பூசிக் காயவிடுகிறதை நான் ஊசிக்கு முதல்நாள் பூசியிருக்கிறேன், எவ்வளவு விசரி. உங்கள் தம்பி நிலத்தைப் பார்த்தார். அவர் வியாபாரியை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

வாளியை வைத்துவிட்டுப் பட்டிக்குள் போய் அந்த மாடுகளின் சாணியையே இரண்டு கையாலும் அள்ளி வந்து கட்டை முழுக்க அப்பினேன். டொக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையில் கையைத் துடைத்தேன், வாளியை எடுத்தேன், மறைச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

திரும்பிப் பார்க்காமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கையின் பாதி வந்துவிட்டேன், ஒன்றுமில்லை. கிடுகுக்கு அப்பால் காகம் கத்துகிறது, தடிக்கு அப்பால் குடாத் தண்ணீர் தெரிகிறது. கழுத்து விறைத்துப் போயிற்று. அப்போது பின்னங்கழுத்தில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது. குளம்புச் சத்தம் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு நிறைய. தடி வரைக்கும் போனேன், இடுக்குக்குள் திரும்பினேன், வளைந்தேன். இரண்டு பக்கமும் கட்டை உரசியது. கிடுகு சரசரத்தது. அந்தச் சத்தத்துக்கு உங்கள் தம்பி பின்தடியைப் போட்டார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாயிற்று. ஒன்றும் விழவில்லை, ஒரு கன்றும் பூரவில்லை. டொக்டர் போனபிறகு உங்கள் தம்பி வேலிப்பக்கம் போய் நின்று வியாபாரிக்கு ஃபோன் எடுத்து, வரவேண்டாம் என்றார்.

பிறகு அந்தக் குழி. உங்கள் கட்டை நின்ற குழி திறந்தபடி கிடந்தது. மாட்டின் கால் போனால் முறிந்துவிடும், மூடத்தான் வேண்டும். உங்கள் தம்பி மண்வெட்டியைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. உங்களைக் கொண்டுபோன அன்று பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். சுடலை வரைக்கும் ஆம்பிளைகள் வந்தார்கள், அங்கே நடந்தது எனக்குத் தெரியாது. வாய்க்கரிசி போட்டதைத் தவிர, ஒரு பிடி மண்கூட என் கையால் நான் உங்களுக்குப் போடவில்லை. அதனால் நானே மண்ணைத் தள்ளினேன், காலால் மிதித்தேன், தண்ணீர் ஊற்றித் திரும்ப மிதித்தேன். கனநேரம் மிதித்தேனாம், உங்கள் தம்பி வந்து கையைப் பிடித்து நிற்பாட்டினார். முகம் நனைந்திருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம்.

இன்று சாப்பிட்டு முடித்து அவர் சீனன்குடாவுக்குப் போய்விட்டார். நான் மாடுகளை வயல்பக்கம் கொண்டுபோனேன். வாளி தேவைப்படவில்லை. நான் முன்னால், மறைச்சி பின்னால், அதன் பின்னால் மற்றவை. வரம்பில் இறங்கும்போது குளம்புச் சத்தத்துக்கெல்லாம் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது போல இருந்தது. மண்ணில் செருப்பு இழுபடுகிற சத்தம்.

கழுத்து திரும்பத்தான் பார்த்தது. நான் திரும்பவில்லை, மச்சாள். பார்த்தால் நின்றுவிடும் என்று சொன்னது நீங்கள்தானே. நீங்கள் மெல்ல வாருங்கள், நான் முன்னால் நடக்கிறேன்.